ராகு காலத்தில் பதிந்த பத்திரிகை

செக்காலை ரோட்டில், கல்யாணப் பத்திரிகையும் நோட்டீஸும் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுக்கும் எங்கள் டி.டி.பி. கடை இருந்தது. 'எங்கள்' என்று சொல்வது என் வாய்க்கொழுப்பு. கடை அக்காவுடையது. அக்கா என்றால் கூடப்பிறந்த அக்கா இல்லை. ரிட்டயர்டு வாத்தியார் ஒருவரின் மகள், என்னைவிட எட்டு வயது மூத்தவர், மானிட்டருக்கு மேலே மாதா படம் மாட்டிவைத்து தினமும் கடை திறந்ததும் அதற்கு ஒரு கும்பிடு, அப்புறம் ஸ்விட்ச்சுக்கு ஒரு கும்பிடு போடுகிறவர். நான் பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்த கையோடு மதுரையில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, காரைக்குடியிலேயே இதெல்லாம் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்ற நினைப்போடு அங்கே வேலைக்குச் சேர்ந்திருந்தேன். தொண்ணூறுகளின் நடுவில் அப்படி நினைப்பது ரொம்பவும் தப்பில்லை.

அந்த மிஷினுக்கு ஒரு வியாதி. படம் வரைகிற சாஃப்ட்வேரைத் திறந்து அரை மணி நேரம் வேலை பார்த்தால் போதும், திரையில் மவுஸ் அம்பு அப்படியே நின்றுவிடும். இல்லாவிட்டால் வெள்ளைப் பெட்டி ஒன்று வரும். அதில் இங்கிலீஷில் நாலு வரி, கீழே 'மூடு' என்று ஒரே ஒரு பொத்தான். அதை அமுக்கினால் காலையிலிருந்து வரைந்தது எல்லாம் காலி. காதுகுத்துப் பத்திரிகை போயிருக்கிறது, மளிகைக்கடை பில் புக் போயிருக்கிறது. ஒரு தடவை தேர்த் திருவிழா நோட்டீஸ், உபயதாரர் பெயர் எண்பதையும் அடித்து முடித்த நிமிஷத்தில் போனது. அன்றைக்கு அக்கா மாதா படத்தைப் பார்த்த பார்வையை இன்னும் நான் மறக்கவில்லை.

எனக்கு அது மானப் பிரச்சினை ஆகிவிட்டது. எண்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கோடு போட்டேன். முதல் கட்டத்தில் எத்தனை மணிக்கு நின்றது. இரண்டாவதில் அப்போது நான் என்ன செய்துகொண்டிருந்தேன். மூன்றாவதில் காரணம். முதல் வாரத்துக் காரணங்களைப் படித்தால் சிரிப்பு வரும். வோல்டேஜ். தூசி. வெயில். அக்கா ஏற்றிவைத்த மெழுகுவர்த்திச் சூடு. கடைக்கு வந்தவர் மேசையில் கையை ஊன்றியது. ஊரில் இருந்த அத்தனை பேரும் குற்றவாளி, என்னைத் தவிர.

பத்து நாள் எழுதிய பிறகு நோட்டு தானாகவே பேச ஆரம்பித்தது. பாதிக்கு மேல் ஒரே இடத்தில், எழுத்து மாற்றுவதற்காக ஃபாண்ட் பட்டியலைத் திறக்கிறபோதுதான் நின்றிருந்தது. மதுரையிலிருந்து ஃபிளாப்பி ஃபிளாப்பியாக ஃபாண்ட் அள்ளிக்கொண்டு வந்து நானூறுக்கு மேல் உள்ளே ஏற்றிவைத்தது யார்? ஐயாதான். மிஷின் பாவம், ஒவ்வொரு தடவையும் நானூறையும் தலையில் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறது. தமிழில் ஆறு, இங்கிலீஷில் பத்து வைத்துக்கொண்டு மீதியைத் தூக்கினேன். டிஸ்க்கில் மூலைக்கு மூலை கிடந்த தற்காலிகக் குப்பை ஃபைல்களை அழித்தேன். போட்டோவைத் தானாகக் கோடாக மாற்றுகிற வித்தையைத் தொடக்கூடாது என்று எழுதினேன். அது ஒரு மீசைக்கு ஆயிரம் புள்ளி வைக்கும், மிஷின் மூச்சு முட்டிச் செத்துப்போகும். சாஃப்ட்வேரின் உள்ளே தோண்டிக் கண்டுபிடித்த இன்னும் சில வசதிகளையும் முடுக்கிவிட்டு, ஒவ்வொன்றையும் நோட்டில் குறித்தேன். ஒவ்வொரு வரி முடிந்ததும் சேவ் செய்ய வேண்டும் என்று அக்காவிடம் சட்டமே போட்டேன். பதினோரு நாள் மிஷின் நிற்கவில்லை. பன்னிரண்டாம் நாள் வெள்ளிக்கிழமை. அன்றைக்குத்தான் ஆச்சி வந்தார்.

கீழச்சிவல்பட்டிச் செட்டியார் வீட்டு ஆச்சி. மகளுக்குக் கல்யாணம். மதுரையில்தான் பத்திரிகை அடிக்க வேண்டும், காரைக்குடியில் கம்ப்யூட்டர் வைத்திருக்கிறவனெல்லாம் விளையாட்டுப் பிள்ளைகள் என்று அவருடைய கொழுந்தனார் பத்துப் பேர் நடுவில் சொல்லியிருக்கிறார். ஆச்சி அதே பத்துப் பேர் நடுவில், இங்கேயே அடித்துக் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டார். திங்கட்கிழமை காலை முகூர்த்தத்தில் முதல் பத்திரிகையை இளையாத்தங்குடி கோவிலில் வைத்தாக வேண்டும். பிரஸ்காரர் வெள்ளிக்கிழமை ஒரு மணிவரைதான் காத்திருப்பார். அதற்கப்புறம் அவர் மிஷினில் வேறு பெரிய வேலை ஏறிவிடும். ஒரு மணிக்குள் நாங்கள், பிளேட் எடுப்பதற்கான மெல்லிய பட்டர் ஷீட்டில் பிரிண்ட் எடுத்துக் கொடுக்காவிட்டால் கொழுந்தனார் சொன்னது பலித்துவிடும். இதையெல்லாம் ஆச்சி உட்கார்ந்த இரண்டு நிமிஷத்தில் சொல்லி முடித்துவிட்டார்.

ஒன்பதரைக்கு நல்ல நேரத்தில் பிள்ளையார் சுழி போட்டோம். ஒன்பது முப்பத்தைந்துக்குக் கரண்ட் போனது. நல்லவேளை, அதற்குள் சுழியை மட்டும் சேவ் செய்திருந்தேன். மூன்று பேரும் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அந்த நேரத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம். ஆச்சி கேட்டார் என்பதற்காகக் கம்ப்யூட்டர் எப்படி வேலை செய்கிறது என்று பாடம் எடுத்தேன். திரையில் தெரிவது வெறும் சிலேட்டு எழுத்து மாதிரி, சேவ் செய்தால்தான் அது டிஸ்க்கில் பதியும், பதிந்தால்தான் கணக்கு என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். ஆச்சி எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டார். அவ்வளவு கவனமாகக் கேட்டிருக்கக் கூடாது.

கரண்ட் சரியாகப் பத்தரைக்கு வந்தது. வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகு காலம்.

"தம்பி, பேரெல்லாம் எழுது. ஆனா பதிஞ்சிராத" என்றார் ஆச்சி. "பன்னெண்டு அடிக்கட்டும். அதுவரைக்கும் சிலேட்டுலயே இருக்கட்டும்."

ஒன்றரை மணி நேரம் சேவ் செய்யாமல் வேலையா என்று அக்கா மெதுவாகக் கேட்டார். என்ன சொல்லியிருக்க வேண்டும்? முடியாது ஆச்சி என்று சொல்லியிருக்க வேண்டும். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது ஆச்சி. பதினோரு நாளா இந்த மிஷின் அசையல. நம்ம கையில மாட்டுனா அதுவும் அடங்கி இருக்கும்ல" என்று சொன்னேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை, மாதாவைப் பார்த்தார்.

செட்டியார் வீடுகளுக்குப் பத்திரிகை அடிப்பது சாதாரண வேலை இல்லை. ஒவ்வொரு பெயருக்கு முன்னாலும் விலாசம் என்று சொல்லும் இனிஷியல் வரிசை, நாலு எழுத்து, ஐந்து எழுத்து; ஒரு புள்ளி தவறினால் அது வேறு வீடு. எந்த ஊர், எந்தக் கோவில், எந்தப் பிரிவு, யாருக்குப் பேத்தி, யார் பெயருக்கு அப்புறம் யார் பெயர். ஆச்சி மடியில் பழைய பத்திரிகைகள் ஒரு கட்டு வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். நான் மாற்றினேன், திரும்ப மாற்றினேன். இடது கை விரல் இரண்டும் பழக்கத்தில் சேவ் பொத்தானுக்குத் தானாகப் போகும். கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டு ஒற்றைக் கையால் அடித்தேன்.

பதினொன்றே முக்காலுக்கு எழுத்து வேலை முழுக்க முடிந்தது. ஆச்சி முகத்தில் ஒரு திருப்தி. அப்போது பையிலிருந்து ஒரு போட்டோ எடுத்தார். அவர் வீட்டு நிலைக்கு மேலே மரத்தில் செதுக்கியிருக்கும் கஜலட்சுமி. பிள்ளையாருக்குக் கீழே இதை வைக்க முடியுமா என்றார். முடியுமாவா? கையால் இழுக்கிற ஸ்கேனரால் இழுத்து, நோட்டில் தொடாதே என்று நானே எழுதிவைத்த அந்தத் தானாகக் கோடு போடும் வித்தையை முடுக்கினேன். திரையில் யானை வந்தது, தும்பிக்கை வந்தது, தாமரை இதழ் இதழாக வந்தது. ஆச்சி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "அட, எங்க வீட்டு யானைதான்" என்றார். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. இன்னும் கொஞ்சம் பெரிசாக வேண்டும் என்றார். மூலையைப் பிடித்து இழுத்தேன்.

அம்பு நின்றது.

பதினொன்று ஐம்பது. வெள்ளைப் பெட்டி வந்தது. ஒரே பொத்தான்.

ஆச்சி திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சிலேட்டு அழிஞ்சிருச்சா?" என்று மட்டும் கேட்டார். குரலில் கோபமே இல்லை. கொழுந்தனார் முகம் அவர் கண் முன்னால் வந்து நின்றது எனக்கே தெரிந்தது. எழுபது நிமிஷத்தில் மறுபடி முழுதும் அடித்துச் சரிபார்ப்பது நடக்காத காரியம். பொத்தானை அமுக்கினேன். வேறு என்ன செய்வதென்று தெரியாமல், பழக்க தோஷத்தில் நோட்டை எடுத்து நேரம் எழுதினேன். என்ன செய்தேன் என்பதை எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில் பேனா நின்றது.

அக்கா நோட்டை என் கையிலிருந்து பிடுங்கிப் பின்னால் புரட்டினார். இரண்டு வாரத்துக்கு முந்தைய பக்கத்தில் விரலை வைத்தார்.

"இதென்னடா, 'பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா தானா காப்பி, போட்டாச்சு'ன்னு எழுதிருக்க?"

எழுதியது நான்தான். சாஃப்ட்வேரைத் தோண்டியபோது பரீட்சை பார்க்க முடுக்கிவிட்ட வசதி. அதற்கப்புறம் மிஷின் நிற்கவே இல்லையா, சுத்தமாக மறந்துபோனேன். மிஷினை மறுபடி எழுப்பி, அது காப்பி வைக்கும் இடத்தைத் தேடினேன். அவசரத்தில் இரண்டு தடவை தப்பாக அடித்தேன். ஒரு ஃபைல் இருந்தது. நேரம் பதினொன்று நாற்பத்தாறு. திறந்தேன். பிள்ளையார் சுழி, விலாசங்கள், புள்ளிகள், பேத்திகள், எல்லாம் வரிசை மாறாமல் உட்கார்ந்திருந்தன. யானை மட்டும்தான் இல்லை. நான் கத்திய கத்தலில் எதிர்த்த டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

கத்தி முடித்ததும்தான் உறைத்தது. பதினொன்று நாற்பத்தாறு. பச்சை ராகு காலம். மணப்பெண் பெயரும் மாப்பிள்ளை பெயரும் அந்த நேரத்தில் டிஸ்க்கில் பதிந்திருக்கின்றன.

பேசாமல் விட்டுவிட்டால் ஆச்சிக்குத் தெரியப் போவதில்லை. அக்காவைப் பார்த்தேன். "சொல்லிரு" என்றார், அவ்வளவுதான். சொன்னேன். ஆச்சி, இது நான் பதிந்தது இல்லை, தானாகப் பதிந்தது, ஆனால் ராகு காலத்தில் பதிந்தது, வேண்டாம் என்றால் அழித்துவிடுகிறேன் என்றேன்.

ஆச்சி பத்திரிகைக் கட்டை மடியில் தட்டிச் சரிசெய்துகொண்டு யோசித்தார். சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு ஆக நாலு நிமிஷம்.

"நீ பதிஞ்சியா?"

"இல்ல ஆச்சி. சத்தியமா இல்ல."

"அதுவாத்தானே பதிஞ்சுக்கிருச்சு? ராகு காலத்துல பிள்ளை பொறந்தா, உள்ள போயிட்டு பன்னெண்டுக்கு வான்னா சொல்ல முடியும்? பொறந்தது பொறந்ததுதான், என்னங்கிறேன். பேரு வைக்கிறத நல்ல நேரத்துல வைப்போம். பன்னெண்டு அடிக்கவும் ஒருக்கா நீ கையால பதி."

பன்னிரண்டு அடித்ததும் பதிந்தேன். வேறு வேறு பெயரில் மூன்று தடவை பதிந்தேன், ஃபிளாப்பியிலும் பதிந்தேன். யானையை என்ன செய்வது என்று ஆச்சி கேட்டபோது, தானாகக் கோடு போடுகிற வேலை இனி இந்த ஜென்மத்தில் வேண்டாம் என்று போட்டோவை ஸ்கேன் செய்து அப்படியே சின்னதாக ஒட்டிவிட்டேன். மிஷின் முணுமுணுக்கவே இல்லை. ஆச்சி எல்லாப் பெயரையும் இன்னொரு தடவை சரிபார்த்து முடிக்க அரை மணி ஆனது. பிரிண்டர் பட்டர் ஷீட்டை இழுத்துத் துப்புவதற்குள் அக்கா மொபெட்டை ஸ்டார்ட் செய்திருந்தார். நாங்கள் பிரஸ்ஸில் போய் இறங்கியபோது ஒரு மணி ஆக ஐந்து நிமிஷம். பிரஸ்காரர் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, யானை நல்லாயிருக்கே என்றார்.

திங்கட்கிழமை மதியம் ஆச்சி கோவிலிலிருந்து நேரே கடைக்கு வந்தார். கையில் நாலு மூலையும் மஞ்சள் தடவிய பத்திரிகை, பக்கத்தில் வெள்ளை வேட்டியில் ஒருவர். அவர்தான் கொழுந்தனார் என்று சொல்லாமலே தெரிந்தது. அவர் பத்திரிகையையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. நேராக மானிட்டர் முன்னால் போய் நின்று குனிந்து பார்த்தார்.

"தானாப் பதியுற மிஷினுன்னீகளே, இதுதானா?"

"இதுதான்" என்றார் ஆச்சி. "தம்பி அசந்தாலும் அது அசராது."

அவர்கள் போன பிறகு நோட்டை எடுத்தேன். வெள்ளிக்கிழமை, பதினொன்று ஐம்பது, காரணம் என்ற கட்டம் இன்னும் காலியாகவே இருந்தது. 'என் வாய்' என்று எழுதினேன். பிறகு சாஃப்ட்வேரைத் திறந்து, பத்து நிமிஷம் என்று இருந்ததை இரண்டு நிமிஷமாக மாற்றினேன். அதையும் அடுத்த வரியில் எழுதி, அக்காவிடம் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.