முழங்கால் டாக்டரிடம் 'ஸப் டீக் ஹை'

ரொம்ப நாளாக இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே என்று கேட்டு எழுதிய பிள்ளைகளுக்கு முதலில் வணக்கம். எங்கேயும் ஓடிப் போகவில்லை. தீவை விட்டுக் கடல் தாண்டி, மெயின்லேண்டில் இருந்தேன். முந்தாநாள்தான் கப்பல் எங்களைக் கொண்டுவந்து இறக்கியது.

எங்களை என்றால்... என்னையும், என் மனைவி சரோஜாவையும், அவளுடைய வலது முழங்காலையும்.

அந்த முழங்கால் பாடாய்ப் படுத்திவிட்டது. மழையில் வழுக்கி விழுந்ததிலிருந்து, நடந்துகொண்டே இருக்கும்போது பூட்டுப் போட்ட மாதிரி நின்றுவிடும். மடக்கவும் முடியாது, நீட்டவும் முடியாது. எங்கள் குவார்ட்டர்ஸோ டெலானிபூர் மேட்டின் உச்சியில். சரோஜா கீழே இறங்கியே பல மாதம் ஆகிவிட்டது.

மெட்ராஸிலிருந்து அவள் அண்ணன் எழுதினார்: "கூட்டிட்டு வாங்க மாப்பிள்ளை. ஆபரேஷன் பண்ணிப் பார்ப்போம். சரியாகலேன்னா தங்கச்சி இங்கேயே சமதரையில இருக்கட்டும்."

எங்கள் இரண்டு வாண்டுகளையும் பக்கத்து வீட்டு வங்காளி அக்காவிடம், எங்கள் எல்லோருக்கும் அவர் 'தீதி', விட்டுவிட்டுக் கிளம்பினோம்.

கப்பல் ஏறும் இடத்தில் ஒரு டாக்டர் நிற்பார். தீவுப் பிள்ளைகளுக்குத் தெரியும், மற்றவர்களுக்குச் சொல்கிறேன். காய்ச்சலா, அம்மையா, வேறு ஏதாவதா என்று கேட்பார். "கொஞ்சம் உடம்பு சரியில்ல சாப்" என்று வாயைத் திறந்தவன் கப்பல் துறையிலேயே நிற்க வேண்டியதுதான். அடுத்த கப்பல் எப்போது? அது கப்பலுக்கே தெரியாது! அதனால் தமிழன், வங்காளி, தெலுங்கன், மலையாளி — எல்லோருக்கும் ஒரே பதில்தான். "ஸப் டீக் ஹை." எல்லாம் நலம்.

சரோஜாவும் அதையே சொன்னாள். என் தோளைப் பிடித்தபடி நொண்டிக்கொண்டே சொன்னாள்!

மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் முழங்கால் டாக்டர் நல்ல மனுஷர். மூட்டுக்குள் ஒரு ஜவ்வு கிழிந்து மடங்கிக் கிடக்கிறது, அதை எடுக்க வேண்டும் என்றார். வெளிநாட்டில் மூட்டையே எடுத்துவிட்டு உலோகத்தில் வேறு மூட்டு வைக்கிறார்களாம், இவளுக்கு அதெல்லாம் வேண்டாம் என்றார். பிறகு கேள்வி கேட்க ஆரம்பித்தார். ஒன்றுகூட முழங்காலைப் பற்றி இல்லை.

"ராத்திரி தூக்கம் வருதாம்மா?"

"ஸப் டீக் ஹை."

"வேற எங்கயாவது வலிக்குதா?"

"ஸப் டீக், சாப்."

"மனசுல ஏதாவது பயம்?"

"ஸப் டீக்."

டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டார். "அம்மா, நான் கப்பல்ல ஏத்துற டாக்டர் இல்ல. நீங்க எதைச் சொன்னாலும் இறக்கிவிட மாட்டேன்."

தீவுக்காரர்கள் நிறையப் பேரைப் பார்த்திருப்பார் போல!

பிறகு அவர் சொன்னதை எட்டாவது வரை படித்த எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். ஆபரேஷன் நன்றாக நடந்தாலும் சிலருக்கு வலி மட்டும் போகாமல் தங்கிவிடுமாம். யாருக்குத் தங்கும் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது, ஆனால் ஓரளவு ஊகிக்கலாமாம். ரொம்ப நாள் வலித்தவர்கள், உடம்பில் வேறு இடத்திலும் வலி உள்ளவர்கள், தூக்கம் இல்லாதவர்கள், பயத்தை உள்ளேயே வைத்திருப்பவர்கள்... இவர்களுக்குத் தங்க வாய்ப்பு அதிகம். "முன்னாலயே தெரிஞ்சா முன்னாலயே வேலையை ஆரம்பிக்கலாம்மா. அதுக்குத்தான் கேக்குறேன்."

சரோஜா மடமடவென்று கொட்டினாள். இடுப்பு வலி. தோள் வலி. தூக்கமே இல்லை. கடைசியாக என்னைக் காட்டி, "கால் சரியாகலேன்னா இவரு என்னை அண்ணன் வீட்டுல விட்டுட்டுப் புள்ளைங்களோட கப்பல் ஏறிடுவாரோன்னு பயம் சார்."

"நான் எப்ப சரோஜா அப்படிச் சொன்னேன்?"

"அண்ணன் எழுதினப்ப வேண்டாம்னும் சொல்லலியே நீங்க!"

டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"உள்ளதைச் சொல்றேன்மா," என்றார் பிறகு. "உங்களுக்கு வலி கொஞ்சம் தங்கும்னுதான் எனக்குத் தோணுது. ஆபரேஷன் வேணுமா?"

"கால் பூட்டு விழுமா?"

"விழாது."

"மேடு ஏறலாமா?"

"பயிற்சி செஞ்சா ஏறலாம்."

"அப்ப பண்ணிடுங்க. வலியை நான் பார்த்துக்கிறேன்."

அன்றிலிருந்தே பயிற்சி. ஆபரேஷனுக்கு முன்னாலும், பின்னாலும். கணுக்காலில் மணல் பையைக் கட்டிக்கொண்டு, கட்டிலில் உட்கார்ந்து காலைத் தூக்குவாள், இறக்குவாள். அண்ணன் பார்த்துப் பரிதாபப்பட்டார். "ஏம்மா இந்தப் பிடிவாதம்? இங்கயே இருந்துடேன்."

"சும்மா இருண்ணே. இருந்தா அண்ணி என்னை வேலை வாங்குவா. அதுக்கு மணல் மூட்டையே தேவலை!"

தையல் பிரித்தார்கள். புண் ஆறியது. கால் பூட்டு விழவில்லை. ஆனால் டாக்டர் ஊகித்தபடியே வலி தங்கிவிட்டது. நான்தான் பயந்து போனேன். அவளோ சிரித்தாள். "சொல்லிட்டு வந்த விருந்தாளிங்க இது. சொல்லாம வந்திருந்தாத்தான் எனக்கு அழுகை வந்திருக்கும்." சொல்லிவிட்டு மணல் பையை எடுத்துக் கட்டினாள்.

தூக்கமும் மெல்ல மெல்ல வந்தது. திரும்பிப் போகும் கப்பலுக்கு இரண்டு டிக்கெட்டை எடுத்து அவள் கையிலேயே கொடுத்துவிட்டேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று டாக்டரைத்தான் கேட்க வேண்டும்.

முந்தாநாள் டெலானிபூர் மேட்டின் அடிவாரத்தில் டாக்ஸியை நிறுத்தச் சொன்னாள். "இறங்குங்க. நடந்து போவோம்." கையைக் கொடுத்தேன், வேண்டாம் என்றாள். பாதி மேட்டில் நின்றாள், உதட்டைக் கடித்தாள், மறுபடி நடந்தாள். உச்சியில் எங்கள் வாண்டுகள் இரண்டும் குதித்துக்கொண்டிருந்தன. தீதி இரண்டு கையையும் வாயருகே குவித்துக் கத்தினார்: "ஸரோஜா! ஸப் டீக் ஹை?"

"நஹீ தீதி!" என்று இவள் கீழேயிருந்து கத்தினாள். "தர்த் ஹை! சாய் சடாவோ, மை ஆ ரஹீ ஹூம்!"

வலி இருக்கிறதாம். டீயை அடுப்பில் ஏற்றச் சொன்னாள். வந்துகொண்டிருக்கிறாளாம்.

பிள்ளைகளா, டாக்டர் கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுங்கள். கப்பல் போனால் போகட்டும்... அது எப்படியும் லேட்டாகத்தான் கிளம்பும்!