அலவாங்குக் குழியும் ஓகர் குழியும்

1. முதல் நாள்

ஓகர் என்கிற, மண் துளைக்கும் திருகு அலகு பூட்டிய ட்ரில் மெஷினைக் கையில் பிடித்த முதல் நாளே அது என் மணிக்கட்டைத் திருகிவிட்டது. மண்ணுக்குள் ஒரு கல் இருந்திருக்கிறது. ஓகர் கல்லில் மாட்டி நின்றுவிட்டது. மெஷின் நிற்கவில்லை, என்னையும் சேர்த்துச் சுற்றப் பார்த்தது. விசையை விட்டுவிட்டு, யாராவது கவனித்தார்களா என்று சுற்றிலும் பார்த்தேன். அங்கே தண்ணீர் ஊற்றும் பெண் செல்வமணி கவனித்துவிட்டார். சிரிப்பை அடக்கிக்கொண்டு வாளியோடு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் முப்பத்தொரு வருடம், ஆட்களின் வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளையாக இருந்தவன். ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. பதுளை டவுனில் புடவைக் கடை வைத்திருக்கும் முதலாளி ஒருவர், தெமோதரை தாண்டி எல்ல என்ற ஊருக்குப் போகிற பாதையில் ஒரு கெஸ்ட் ஹவுஸ் கட்டியிருந்தார். வாசலிலிருந்து அறைகள் வரை, நடைபாதையின் இரண்டு பக்கமும் தேயிலை வேண்டும் என்பது அவருடைய ஆசை. இருநூறு கன்று. 'தேயிலை தெரிந்த ஆள்' என்று என்னைக் கூப்பிட்டார். குழி போட, கொழும்பிலிருந்து பேட்டரி ட்ரில்லும் ஆறு அங்குல ஓகரும் வாங்கி வைத்திருந்தார்.

செல்வமணி அங்கே தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையில் இருந்தார். முன்பு எங்கள் தோட்டத்தில்தான் கொழுந்து எடுத்தவர். ஆள் குறைவான வருடங்களில் ஆண்களோடு நின்று குழியும் வெட்டியிருக்கிறார். முழங்கால் கெட்டுப்போனதால் மலையில் ஏற முடியாமல் நின்றுவிட்டார். சமதரையில், நினைத்தபோது உட்கார்ந்து எழும்பக்கூடிய இந்த வேலையை விட்டால், அந்தக் காலோடு வேறு வேலை அவருக்குக் கிடைப்பது கஷ்டம். அவர் சம்பளத்தில்தான் வீடு ஓடியது.

மெஷினை வெளியே எடுத்தபோது அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"ரோதை மாதிரி சுத்துதுங்களே ஐயா, இதுக்கும் ரோதமுனிக்குக் கற்பூரம் காட்டணுமா?"

எங்கள் பக்கம் ரோதை என்றால் ஃபேக்டரிச் சக்கரம்; அந்த மெஷின்களைக் காக்கிற சாமி ரோதமுனி. பேட்டரியில் ஓடுகிற சாமானுக்கு அவர் பொறுப்பா என்று எனக்குத் தெரியவில்லை. கேலியாக ஏதோ சொன்னேன். மணிக்கட்டு திருகிய பிறகு ஒரு பத்தி கொளுத்தி மண்ணில் குத்திவைத்தேன். தெரியாத விஷயத்தில் எதற்கு வம்பு?

போகப்போகக் கை பழகியது. வேகத்தைக் குறைக்க வேண்டும். பக்கக் கைப்பிடியைத் தொடையோடு அணைத்துப் பிடிக்க வேண்டும். அரையடி இறங்கியதும் மேலே தூக்கி மண்ணைக் கொட்டிவிட்டு மறுபடி இறக்க வேண்டும். எனக்கு அந்த மண் ஏறி வருவதைப் பார்த்துச் சலிக்கவில்லை. முதலில் கறுப்பு, பிறகு மஞ்சள், பிறகு கையில் ஒட்டுகிற சிவப்புக் களி. வயதை மறந்து, அடியில் என்ன நிறம் இருக்கிறது என்று பார்க்கவே தேவையில்லாத இரண்டு குழிகள் போட்டேன்.

2. அளவுக் கம்பு

தோட்டத்தில் குழி பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. ஆழத்துக்கும் அகலத்துக்கும் வெட்டுக் குறி போட்ட கம்பு ஒன்றைக் குழிக்குள் விடுவோம். கம்பு தடையில்லாமல் நேராக இறங்க வேண்டும். சுவர் கோணலாக இருந்தாலும், அலவாங்கு குத்திய தழும்பு துருத்திக்கொண்டிருந்தாலும் அந்தக் குழி தள்ளுபடி. திரும்ப வெட்ட வேண்டும். அலவாங்கு என்பது ஆள் உயர இரும்புக் கம்பி. அதால் குத்திக் குத்தி மண்ணைக் கிளப்பும்போது சுவர் நேராக வருவது லேசில்லை. செல்வமணி வெட்டிய குழிகளையும் நான் எத்தனையோ முறை தள்ளியிருக்கிறேன்.

அப்படிப்பட்ட எனக்கு ஓகர் குழி எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். எல்லாம் ஒரே வட்டம், ஒரே ஆழம், சுவரில் ஒரு சிராய்ப்பு இல்லை. கம்பு விட்ட இடமெல்லாம் சறுக்கிக்கொண்டு இறங்கியது. அடடா, இதற்காகவா முப்பத்தொரு வருடம் ஆட்களோடு தொண்டை கிழியக் கத்தினோம் என்று தோன்றியது.

அது கார்த்திகை மாதம். ஒரு வாரமாக மழை பெய்து மண் ஊறிக் கிடந்தது. ஈர மண்ணில் ஓகர் லேசாக இறங்கியது, அதனால் மழை விட்ட இடைவெளியில் எல்லாம் போட்டேன். பாதையின் கடைசிப் பக்கம் கல் அதிகம். அங்கே மெஷினால் இரண்டு குழிதான் போட முடிந்தது. மீதி முப்பத்தைந்தைச் செல்வமணி அலவாங்கால் வெட்டினார். நடுவில் ஒருமுறை பேட்டரி இறங்கிப்போனது. அது சார்ஜ் ஆகிற நேரத்தில் வரிசையின் மத்தியிலும் மூன்று குழி வெட்டிவிட்டார். அவர் குழிகளைப் பார்த்து, தோட்டமாக இருந்தால் இதில் ஒன்றுகூடத் தேறாது என்று கிண்டல் செய்தேன்.

மறுநாள் காலை அவர் வந்து சொன்னார்.

"ஐயா, மெசின் போட்ட குழியில தண்ணி நிக்குதுங்க."

பெய்கிற மழைக்கு எங்கேதான் தண்ணீர் நிற்காது, மத்தியானத்துக்குள் வடிந்துவிடும் என்றேன். தேயிலையைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்கிறாரே என்ற நினைப்பும் இருந்தது. மறைப்பானேன். தண்ணீரை இறைத்துவிட்டு, கன்றுகளைப் பையைக் கிழித்து இறக்கினோம். அளவெடுத்துச் செய்தது போலக் கச்சிதமாக உட்கார்ந்தன.

3. மஞ்சள்

தை பிறந்து மழை நின்றது. பிறகு முதலாளியிடமிருந்து போன் வந்தது. போய்ப் பார்த்தால் பாதையின் இரண்டு பக்கமும் மஞ்சள் இலை. சில கன்றுகள் குச்சியாக நின்றன.

முதலாளி கோபத்தைக் காட்டாமல் பேசுகிற மனிதர். அதுதான் பயமாக இருந்தது.

"மழை நின்னதுக்கப்புறம் செல்வமணி ஒழுங்கா தண்ணி ஊத்தல, கணக்கப்பிள்ளை. கால் வலின்னு உக்காந்திருக்கும் போல. மாசக் கடைசியோட நிப்பாட்டிட்டு வேற ஆள் பாக்கலாம்னு இருக்கேன்."

சரிதான் என்று நான் வாயால் சொல்லவில்லை. ஆனால் நேராகச் செல்வமணியிடம் போய், ஒரு கன்றுக்கு எவ்வளவு தண்ணீர் ஊற்றினாய் என்று விசாரித்தேன். என் குழியைப் பற்றிச் சந்தேகமே வரவில்லை. அதை இன்று எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

"எல்லாத்துக்கும் ஒரே மாதிரிதாங்க ஊத்தினேன். கல்லோரத்துல இருக்கிறது நல்லாத்தானே நிக்குது? போய்ப் பாருங்க" என்றார்.

போய்ப் பார்த்தேன். கடைசிப் பக்கம் பச்சைப் பசேல் என்று நின்றது. முதலில், கல் இருப்பதால் தண்ணீர் வடிகிறது, மண்தான் வித்தியாசம் என்று நினைத்தேன். ஆனால் அந்தப் பச்சைக்குள் இரண்டு கன்று மட்டும் மஞ்சள். அது நான் மெஷினால் போட்ட இரண்டு குழி. சரி என்று வரிசையின் நடுவுக்கு வந்தேன். அங்கே மஞ்சளுக்கு நடுவில் மூன்று பச்சை. பேட்டரி இறங்கிய நேரத்தில் செல்வமணி வெட்டிய மூன்று.

மண் ஒன்று, தண்ணீர் ஒன்று, ஊற்றிய கை ஒன்று. குழி மட்டும்தான் வேறு.

வாடிய கன்று ஒன்றைத் தூக்கினேன். தட்டிலிருந்து இட்லி வருவது போல, மண்ணோடு முழுசாக வந்தது. ஒரு வேர்கூடச் சுவருக்குள் போகவில்லை. சுவரைத் தொட்டதும் வளைந்து, உருண்டையைச் சுற்றிச் சுற்றியே ஓடியிருந்தது. அடிவேர் கறுத்து நாறியது. டார்ச் அடித்துப் பார்த்தேன். குழியின் சுவர் பளபளத்தது. செல்வமணி பலகைக் கட்டையில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டு, கையை உள்ளே விட்டு நகத்தால் ஒரு சில்லைப் பெயர்த்துக் காட்டினார். மண்சட்டியின் ஓடு போல இருந்தது. ஈரக் களியை ஓகர் சுற்றிச் சுற்றிப் பூசி மெழுகியிருக்கிறது. இருநூறு கன்று நடச் சொன்னால் நூற்றறுபத்திரண்டைச் சட்டிக்குள் வைத்திருக்கிறேன்.

அப்படியும் நிச்சயம் செய்துகொள்ளாமல் விட மனமில்லை. காலி இடத்தில் மூன்று புதுக் குழி போட்டோம், மண்ணைக் கார்த்திகை மாதம் போல நன்றாக நனைத்த பிறகு. ஒன்று அலவாங்கால். ஒன்று ஓகரால். மூன்றாவதும் ஓகரால்தான், ஆனால் சுவர் முழுவதையும் செல்வமணி கைமுள்ளால், அதாவது பல் வைத்த சின்னக் கைக்கொத்தால், கீறிவிட்டார். ஒவ்வொன்றிலும் ஒரு வாளி தண்ணீர். தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் அலவாங்குக் குழி வடிந்துவிட்டது. கீறிய குழி அதற்குக் கொஞ்சம் பின்னால் வடிந்தது. வெறும் ஓகர் குழியில், பின்நேரம் பதுளைக்குப் போகிற ரயில் கூவிக்கொண்டு போகும்போதும் நின்ற தண்ணீரில் என் முகம் தெரிந்தது.

4. மூன்று குழிக்கு முன்னால்

முதலாளியை அங்கேயே வரச் சொன்னேன். அவர் நடந்து வருகிற நேரத்தில் ஒரு யோசனை வந்ததை ஒப்புக்கொள்கிறேன். மெஷின் சரியில்லை என்று சொல்லிவிடலாம். அவர் வாங்கிய மெஷின், பழி யார் தலையிலும் விழாது. ஆனால் கீறிவிட்ட குழியும் அதே மெஷின் போட்டதுதான். ஊறிய களியில் இறக்கியதும், மெழுகிய சுவரைப் பார்த்து மயங்கியதும் நான்தான். பக்கத்தில் செல்வமணி வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மூன்று குழியையும் காட்டி, நடந்ததைச் சொன்னேன்.

"அப்ப யாரு பிழை?" என்றார் முதலாளி.

"என் பிழைங்க முதலாளி. தண்ணி நிக்குதுன்னு செல்வமணி மறுநாளே சொன்னாங்க. நான்தான் காதுல வாங்கல."

அவர் குனிந்து தண்ணீர் நிற்கிற குழியைப் பார்த்தார். பிறகு என்னை விட்டுவிட்டுச் செல்வமணியிடம், இனி எப்படி நட வேண்டும் என்று கேட்டார். மண் கையில் ஒட்டாத பதத்துக்குக் காய்ந்த பிறகு குழி போட வேண்டும், போட்டதும் சுவரைக் கீற வேண்டும், அடியில் அலவாங்கால் நாலு குத்துக் குத்த வேண்டும், தண்ணீர் ஊற்றி வடிகிறதா என்று பார்த்த பிறகுதான் கன்று என்று அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். வேறு ஆள் பார்க்கிற பேச்சை முதலாளி பிறகு எடுக்கவில்லை. இப்போது ஓகர் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்டால், நானும் இதையேதான் சொல்கிறேன்.

அடுத்த வாரம் நட ஆரம்பித்தோம். நான் குழி போட, செல்வமணி கட்டையில் உட்கார்ந்து கீறிக்கொண்டு வந்தார். முதலாளி வந்து நின்று பார்த்தார்.

"எத்தனை வருசம் குழி பாத்தீங்க கணக்கப்பிள்ளை?"

"முப்பத்தொரு வருசங்க."

"ஒரு குழியிலயாவது தண்ணி ஊத்திப் பாத்திருக்கீங்களா?"

இல்லை என்றேன். செல்வமணி வெட்டி நான் தள்ளிய குழிகள் எல்லாம் மனதில் வந்தன. நல்ல குழிகளாகத்தான் இருந்திருக்கும். அதைச் செல்வமணியிடம் சொன்னேன். அவர் கைமுள்ளை என்னிடம் நீட்டி, கட்டையில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

உட்கார்ந்தேன். சட்டைக் கையை மடித்துவிட்டு, தோள் மண்ணில் படுகிற வரை கையை இறக்கினேன். அடியில் குளிர்ந்திருந்தது. நான் என் கையை நுழைத்த முதல் குழி அதுதான்.