சாய்ந்த மரமும் சுண்ணாம்பு டப்பாவும்

மனுஷனுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டருக்கு ஒரு சௌகரியம் உண்டு, வலி எங்கே என்று நோயாளியே வாயைத் திறந்து சொல்லிவிடுவான். மர வைத்தியத்தில் நோயாளி வாயே திறக்காது, போகிறவர் வருகிறவர் எல்லோரும் திறப்பார்கள்.

ஐம்பதுகளின் கடைசியிலும் அறுபதுகளின் தொடக்கத்திலும் நான் கோடைக்கானலில் ரோட்டோர மரங்களைப் பார்க்கிற வேலையில் இருந்தேன். கொட்டாப்புளி என்கிற மரச் சுத்தியலால் அடிமரத்தைத் தட்டினால் நல்ல மரம் ‘டக்’ என்னும். உள்ளே உளுத்த மரம் ‘தொம்’ என்னும். ‘தொம்’ என்றால் சுண்ணாம்பால் ஒரு குறி போட வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வெட்டுகிற ஆட்கள் வந்து, குறி போட்ட மரத்தை மட்டும் சாய்ப்பார்கள். கேட்கச் சுலபமாக இருக்கிறதல்லவா? நீங்களும் ஏதாவது ஒரு வேலையில் மாட்டிக்கொண்டு விழிப்பவர் என்றால், கேட்கச் சுலபமான வேலையின் லட்சணம் உங்களுக்கே தெரியும்.

உள்ளே காலி

சித்திரை மாதம். சீசன் கூட்டம் ஊரில் தாங்கவில்லை. ஏரிக்கரையில் ஒரு பெரிய சைப்ரஸ் மரத்தைத் தட்டித் தட்டி, காதை ஒட்டவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் யாரோ மூச்சு விடுவது கேட்டது. திரும்பினால், பெட்டியும் படுக்கையுமாக ஒரு குடும்பம். பழனியில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருப்பவராம். காலையிலிருந்து தங்க இடம் தேடி அலைந்து முகம் வாடிப் போயிருந்தார்.

“என்ன பாக்குறீங்க?” என்றார். “உள்ளே காலியா இருக்கான்னு பாக்குறேன்” என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அவர் மரத்தை மேலும் கீழும் பார்த்தார். மனைவியிடம் திரும்பி ஏதோ கிசுகிசுத்தார். பிறகு என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: “காலியா இருந்தா எங்களுக்கே குடுத்துருங்க சார், ரெண்டே நாளு, நாங்க நாலே பேருதான்.”

காளான் ஸ்டாண்டு

பஜாரிலிருந்து இறங்குகிற வளைவில் காதர் ராவுத்தர் டீக்கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னாலிருந்து ஒரு தைல மரம், கூரைக்கு மேலே அப்படியே சாய்ந்து நின்றது. ஊரில் யாரும் அதை ராவுத்தர் கடை என்று சொல்வதில்லை. ‘சாஞ்ச மரத்துக் கடை’தான். தினமும் அங்கேதான் எனக்கு டீ, சீனி கம்மியாக. அடிமரத்தில் தட்டுத் தட்டாகக் காளான் முளைத்திருந்தது. ஒவ்வொன்றும் முறம் அகலம், பலகை மாதிரி கெட்டி. ராவுத்தர் அதில் வரிசையாக டீ கிளாஸ்களைக் கவிழ்த்து வைத்திருப்பார்.

ஒரு நாள் சந்தேகப்பட்டு வேருக்குப் பக்கத்தில் இரும்புக் கம்பியைக் குத்தினேன். வெண்ணெயில் இறங்குகிற மாதிரி கைப்பிடி வரைக்கும் இறங்கிவிட்டது. பெஞ்சில் எந்நேரமும் எட்டுப் பேராவது உட்கார்ந்திருப்பார்கள், அடுப்படியில் ராவுத்தர் நிற்பார். வெளியே தெரிவது காளான், உள்ளே மரத்தை முக்கால்வாசி தின்று தீர்த்துவிட்டது, ஐப்பசி மழைக் காற்றுக்கு இது நிற்காது என்று ராவுத்தரிடம் தலைபாடாக அடித்துக்கொண்டேன். ‘இம்மரம் விழும், அடியில் நிற்கக் கூடாது’ என்று ஒரு நோட்டீஸும் எழுதி ஒட்டினேன். ராவுத்தர் அந்தக் காளானிலிருந்தே ஒரு கிளாஸை எடுத்து எனக்கு டீ ஊற்றினார். “மரத்த வெட்டிட்டா என் கடைக்குப் பேரு இல்லாமப் போயிரும் மேஸ்திரி, அதோட ஸ்டாண்டுக்கு நான் எங்க போவேன்?”

பெருக்கல் குறி

அவர் சொன்னால் விட்டுவிட முடியுமா? சுண்ணாம்பைக் குழைத்து மரத்தில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டேன். டப்பாவையும் மட்டையையும் கடையிலேயே ஒரு மூலையில் வைத்துவிட்டு வந்தேன். செய்த தப்பு என்னவென்றால், மரம் சாய்ந்திருக்கிறதே என்று நானும் தலையைச் சாய்த்துக்கொண்டு போட்டேன். ரோட்டிலிருந்து பார்க்கிறவர்களுக்கு என் பெருக்கல் குறி நிமிர்ந்து நின்று சிலுவையாகிவிட்டது.

ஒரு வாரத்தில் மரத்தடியில் மெழுகுவத்தி எரிந்தது. அடுத்த வாரம் செவ்வந்தி மாலை. வெட்டுகிற ஆட்கள் வந்த அன்றைக்குப் பத்துப் பதினைந்து பேர் முழங்காலில் நின்று ஜெபம் செய்துகொண்டிருந்தார்கள். முன்வரிசையில் ஸ்கூலிலிருந்து ரிட்டையரான மேரி டீச்சர். இது வெட்டுவதற்காக நான் போட்ட குறி என்று அந்த அம்மாளிடம் பணிவாக எடுத்துச் சொன்னேன். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, நாலாங்கிளாஸ் பையனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். “சிலுவையப் போட்டதும் நீங்க, அத வெட்டச் சொல்றதும் நீங்களா? மொதல்ல கன்ஃபெஷனுக்குப் போயிட்டு வாங்க மேஸ்திரி.”

கையை மட்டும்

நடுவில் ஒரு நாள் மன்னவனூரிலிருந்து ஒரு விவசாயி என்னைத் தேடி வந்தார். உருளைக்கிழங்கு லாரியில் ஏறி வந்திருந்தார். தோளில் கம்பளி சுற்றிய நீளமான மூட்டை. “மரத்து டாக்டர் நீங்கதானா சாமி? எங்க வீட்டு ப்ளம்ஸ் மரத்துல சீக்கு. மரத்தக் கூட்டியார முடியல, அதான் கைய மட்டும் கொண்டாந்தேன்” என்று மூட்டையைப் பிரித்தார். உள்ளே தொடை கனத்தில் ஒரு கிளை. குளிர் படக்கூடாதாம், அதற்குத்தான் கம்பளி.

திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பட்டை பளபளவென்று இருந்தது. நோய்க்கு அடையாளமே இல்லை. இவ்வளவு ஆரோக்கியமான கிளையை என் சர்வீஸில் பார்த்ததில்லை என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. “சீக்குக் கையத் தூக்கிட்டு ஒரு டாக்டரு முன்னால வந்து நிண்டா மரியாதையா இருக்குமா சாமி? அதான் இருக்கறதுலயே நல்ல கையாப் பாத்து வெட்டியாந்தேன்.”

மூன்று கோடு

சிலுவையைச் சுரண்டி எடுத்துவிட்டு, யாரும் எதையும் நினைக்க முடியாத ஒரு குறியாகப் போட வேண்டும் என்று மூன்று நாள் யோசித்தேன். பிறகு படுக்கை வாட்டில் வெள்ளை வெளேரென்று மூன்று கோடு இழுத்தேன். சிரிக்காதீர்கள். யோசித்து யோசித்துச் செய்கிற முட்டாள்தனம் உங்கள் ஆபீஸிலும் இருக்கும்.

மறுநாளே என் கோடுகள் திருநீற்றுப் பட்டையாகி, நடுவில் குங்குமப் பொட்டும் வந்துவிட்டது. பழனிக்கு இறங்குகிறவர்கள் லாரியை நிறுத்தித் தேங்காய் உடைத்துவிட்டுப் போனார்கள். ஆடி மாதம் வெட்ட வந்த முத்துக்கருப்பன், கோடாலியைத் தரையில் வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். வெட்டுகிறவர்களுக்கு அவர்தான் தலைவர், சொந்த ஊர் வெள்ளகவி. ஊரே கோயில் என்று ஊருக்குள் செருப்பே போடாமல் நடக்கிறவர்கள். அவரிடம் போய் நான் என்ன பேச? ராவுத்தராவது உதவிக்கு வருவார் என்று திரும்பிப் பார்த்தேன். அவர் பிஸ்கட் பாட்டிலுக்குப் பக்கத்தில் புதிதாக எதையோ அடுக்கிக்கொண்டிருந்தார். “ஒரு டஜன் சூடம் டப்பா எறக்கியிருக்கேன், அது தீர்ற வரைக்குமாவது கையக் கட்டிக்கிட்டு இருங்க மேஸ்திரி.”

மூன்று எழுத்து

புரட்டாசி பிறந்துவிட்டது. எனக்குத் தூக்கம் போய்விட்டது. டீ குடிக்கப் போனால் கிளாஸ் கையிலேயே ஆறிப் போகும். பெஞ்சில் இருப்பவர்களின் தலைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இனிக் குறியெல்லாம் வேண்டாம், தமிழ் படிக்கத் தெரிந்த எவனுக்கும் புரிகிற மாதிரி எழுதிவிடுவோம் என்று, பட்டையை அழித்துவிட்டு ‘வெட்டு’ என்று எழுதினேன். ஒரே சொல். இதில் யார் என்ன செய்துவிட முடியும்?

முத்துக்கருப்பன் ஆட்களோடு வந்த காலையில் நானும் கூடவே போனேன். அவருக்கு எழுத்துத் தெரியாது. “என்னமோ நீளமா எழுதியிருக்கே, படிங்க” என்றார். பார்த்தேன். என் ‘வெட்டு’ அப்படியே இருந்தது. அதை ஒட்டி, அதே சுண்ணாம்பில் யாரோ சேர்த்து எழுதியிருந்ததையும் வாய்விட்டுப் படித்துவிட்டேன்: ‘வெட்டுடையா காளி துணை’. நம் பக்கத்தில் வெட்டுடையா காளி என்றால் சும்மாவா? வழக்கில் பொய் சொன்னவனே அவள் பேரைக் கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவான். ஆட்கள் நாலு பேரும் கோடாலியோடு பின்புறமாகவே நடந்து ரோட்டுக்குப் போய்விட்டார்கள். இது எவனோ விஷமி செய்த வேலை, நான் எழுதியது ‘வெட்டு’ மட்டும்தான் என்று கத்தினேன். முத்துக்கருப்பன் என் கையைப் பிடித்து ரோட்டுப் பக்கம் இழுத்தார். “மூணெழுத்து நீங்க எழுதுனீக, ஒத்துக்கிறேன், மிச்சத்த உங்களுக்கும் எனக்கும் தெரியாம வந்து எழுதுனது யாருங்க?”

உத்தரவு

நான் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன். ஆனால் ஆறு மாதம் உண்மையைச் சொல்லி ஒரு பெஞ்சைக்கூட நகர்த்த முடியவில்லை. ஐப்பசி முதல் மழை இறங்கிய மறுநாள், வெள்ளனே ஊர் எழுவதற்கு முன் போனேன். டப்பாவில் மிச்சமிருந்த சுண்ணாம்பைக் குழைத்து, ‘துணை’க்குக் கீழே ஒரு வரி சேர்த்தேன்: ‘என் நிழலில் ஒருவரும் நிற்கக் கூடாது. உத்தரவு.’ எழுத்து கோணிக் கோணிப் போனது. குளிர் பாதி, காளி பாதி.

அன்றைக்குக் காலையில் கடைக்கு ஒரு ஈ காக்காய்கூட வரவில்லை. லாரிக்காரர்கள் எட்ட நின்று கும்பிட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போனார்கள். ராவுத்தர் பத்து மணி வரைக்கும் பார்த்தார். பிறகு பாய்லரைத் தூக்கி ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் வைத்தார். பெஞ்சும் தகரமும் சாயங்காலத்துக்குள் போய்ச் சேர்ந்தன. நானே ஒரு முனையைப் பிடித்துக்கொடுத்தேன். அவராகவே சொன்னார்: “எனக்குக் காளி மேலல்லாம் பயம் இல்லீங்க, கஸ்டமர் மேலதான் பயம்.”

சீனி கம்மி

கடை மாறிய ஒன்பதாம் நாள் காலை. மழை சிணுங்கிக்கொண்டிருந்தது. காற்றுகூட இல்லை. புதுக் கடையில் ஏழெட்டுப் பேர் கிளாஸும் கையுமாக இருந்தோம். எதிரே ‘கிறீச்’ என்று ஒரு சத்தம். மரம் ஒரு கணம் யோசித்தது போல நின்றது. அப்புறம் பழைய கடை இருந்த இடத்தில் முழு நீளத்துக்கும் வந்து படுத்தது. பெஞ்சு கிடந்த இடம் ஒரு முழம் பள்ளம். கிளை நுனி ரோட்டைத் தாண்டி வந்து ஒரு பிஸ்கட் பாட்டிலை மட்டும் தட்டிவிட்டது. நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அழுதேன் என்று சொல்ல இப்போது வெட்கமில்லை.

ஜனம் திரண்டுவிட்டது. உளுத்துப் போன அடிமரத்துக்குள் ஒரு ஆள் நிமிர்ந்து நிற்கலாம். ஆனால் அந்த ஓட்டையை ஒருவர்கூடப் பார்க்கவில்லை. எல்லோரும் காளியின் உத்தரவைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். முத்துக்கருப்பன், அன்றைக்கே சொன்னேனா இல்லையா என்று என்னைத்தான் திட்டினார். கூட்டம் கலைந்த பிறகு ராவுத்தர் வந்து என் பக்கத்தில் குந்தினார். விழுந்த மரத்தையும், பள்ளத்தையும், சுண்ணாம்பு ஒட்டிய என் விரலிடுக்கையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: “‘துணை’ வரைக்கும் எழுதுனது நாந்தான் மேஸ்திரி; அதுக்குக் கீழ எழுதுன காளிக்கு எப்பவும் போல சீனி கம்மிதானே?”

அத்தனை வருஷ சர்வீஸில் நான் வெட்டச் சொன்ன மரமெல்லாம் சாமியாகிவிட்டது, வெட்டச் சொன்ன நான் மட்டும் மனுஷனாகவே ரிட்டையர் ஆனேன்.