கிரீஸில் விழுந்த கோடு

ஆராய்ச்சிக் கூடத்தில் அடுப்பே இல்லாமல் எரிவது பக்கத்து மேசைக்காரனின் வயிறு. பட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

பலூன்

1998-ல் சேலத்தில் நானும் ஜாபரும் ஒரே பேராசிரியரிடம் ஆராய்ச்சி செய்தோம். ஜாபர் எனக்கு ஒரு வருடம் இளையவன். கொல்லிமலை அடிவாரத்து மிளகு வியாபாரியின் மகன். சில மூலக்கூறுகள் நம் கைகளைப் போல இடம், வலம் என்று இரண்டாக வரும். மருந்துக்கு ஆகிறது பெரும்பாலும் ஒன்றுதான். ரோடியம் என்ற உலோகத்தோடு தகுந்த பாஸ்பீன் சேர்மத்தைச் சேர்த்தால், அது ஹைட்ரஜனை ஒரே பக்கமாக ஏற்றி, வேண்டிய கையை மட்டும் செய்து தரும். குடுவைக்கு மேலே ஹைட்ரஜன் பலூன் கட்டுவோம். வினை நடந்தால் பலூன் சுருங்கும்.

ஜாபரின் பலூன் மத்தியானத்துக்குள் சுருங்கிவிடும். என்னுடையது ஒவ்வொரு முறையும் விறைத்துக்கொண்டு நிற்கும். முதலில் ஜெயிக்கிறவருக்கு ஜப்பானில் ஒரே ஓர் இடம் காத்திருந்தது. பேராசிரியர் என் பலூனைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "யாருக்குய்யா பொறந்தநாள்?"

மூடி

ஒரு வெள்ளிக்கிழமை ஜாபர் காற்றுப் புகாதபடி மூடியின் விளிம்பில் கிரீஸ் தடவி, ரோடியக் கரைசலை நைட்ரஜனில் மூடி வைத்துவிட்டுத் தொழுகைக்குப் போனான். அந்தப் பாஸ்பீனுக்குக் காற்று ஆகாது. தெரிந்தேதான் மூடியைத் திறந்தேன். பத்து எண்ணிவிட்டு மூடினேன். ஆரஞ்சு நிறம் மெல்லப் பழுப்பானது.

அன்று அவன் பலூனும் சுருங்கவில்லை. எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொல்லவே கூசுகிறது. ஜாபர் மூடியைக் கொஞ்ச நேரம் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். பிறகு என் மேசைக்கு வந்து, "எங்கிட்ட இன்னும் கொஞ்சம் ரோடியம் இருக்குதுங்ணா. பாதி நீங்க எடுத்துக்குங்க" என்றான்.

பொடி எழுத்து

அடுத்த வாரமே அவன் மறுபடி செய்து காட்டி ஜப்பான் போனான். நான் ஆராய்ச்சியைப் பாதியில் விட்டுவிட்டு, கொல்லிமலை மேல் வளப்பூர் நாடு என்ற பகுதியில் ஒரு பள்ளிக்கு வேதியியல் ஆசிரியராக வந்தேன். மலையேறும் பஸ் அடிவாரத்தில் ஜாபர் வீட்டு மிளகுக் கடையைத் தாண்டித்தான் வரும். கண்ணில் படாமலிருக்க எதிர்ப்பக்க சீட்டில் உட்காருவேன்.

ஒரு நாள் தபாலில் அவனுடைய ஆராய்ச்சிக் கட்டுரை வந்தது. மேலே அவன் பேர் மட்டும். படிக்காமல் மேசையில் போட்டேன். ஆய்வகம் துடைக்கும் சின்னப்பொண்ணு அதை எடுத்துப் புரட்டி, இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படித்தார். "சார், கடைசில நன்றின்னு பொடி எழுத்துல உங்க பேரு போட்டிருக்குதுங்க. நீங்க என்னங்க செஞ்சு குடுத்தீங்க?"

கிரீஸ்

2001-ல் விடுமுறைக்கு வந்த ஜாபர் பஸ் ஏறி என்னைப் பார்க்க வந்தான். பலாச்சுளையைத் தின்றபடியே ஜப்பானில் பனி கொட்டுவதைப் பற்றிப் பேசினான். மூடியைத் திறந்தது நான்தான் என்று சொல்லிவிட்டேன்.

அவன் கொட்டையை ஓரமாக வைத்தான். "அன்னிக்கே தெரியுமுங்ணா. நான் மூடினப்ப கிரீஸ் கண்ணாடியாட்டம் இருந்துச்சு. வந்து பாத்தா, தொறந்து மூடினாப்ல கோடு கோடா இருந்துச்சுங்க. உங்க பலூன் ஒரு நாளும் சுருங்கலையேன்னு பேசாம உட்டுட்டேன்."

ஜப்பான் போனதைக்கூட மன்னித்துவிட்டேன். தெரிந்தும் ஒரு வார்த்தை கேட்காமல் இருந்தானே, அந்த மனசு எனக்கு வாய்க்கவில்லையே என்றுதான் இன்றும் வயிறு எரிகிறது.