அரிசி வாளிக்குள் இருந்த படம்

இரண்டாயிரங்களின் நடுவில் நாங்கள் லண்டனில், நோர்பரியில் வாடகைக்கு இருந்தோம். எங்கள் கத்தோலிக்கப் பங்குத் தமிழர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒக்டோபர் மாதம் மாதா சுரூபம் வீடு வீடாகப் போகும். போகும் வீட்டில் எல்லோரும் கூடிச் செபமாலை சொல்லி, ரோல்ஸும் தேத்தண்ணியும் முடித்துத்தான் கலைவார்கள். வருகிற பெண்கள் கோட்டைக் கழற்றிப் போட நேரே படுக்கையறைக்குப் போவார்கள். அதனால் எங்கள் முறை வந்த அன்று நான் செய்த முதல் வேலை, அங்கே அலுமாரியின் மேல் இருந்த என் கணவரின் படத்தை எடுத்து அரிசி வாளிக்குள் புதைத்ததுதான். சீருடையில் எடுத்த படம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். நான் ஒரு முழு ஆமிக்காரனை அரிசியில் மறைத்தேன்.

அவர் பிரிட்டிஷ் ஆமியில் சமையல்காரராக இருந்தவர். ஈராக்குக்கும் போய் வந்தவர். சனத்துக்கு நான் சொன்னது, ஜெர்மனியில் சமையல் வேலை என்று. அவருடைய முகாம் ஜெர்மனியில் இருந்ததால் அது பாதிப் பொய்தானே என்று சுவாமியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில்கூட அதைச் சொல்லவில்லை. ஆமி என்றால் எங்கள் சனத்துக்கு ஒரே அர்த்தம், இலங்கை ஆமி. எந்த நாட்டு ஆமி என்று யாரும் நின்று கேட்க மாட்டார்கள். அதிலும் எங்களுக்கு வீட்டை வாடகைக்குத் தந்த வீட்டுக்காரர் மன்னார் ஆள், அதே கோயிலுக்கு வருபவர். அவருடைய தம்பியை ஆமி வீட்டில் வைத்துப் பிடித்துக்கொண்டு போனது. ஆள் திரும்பவே இல்லை.

ஆமியை விட்டு வந்தபின் என் கணவரால் எந்த வேலையிலும் நிற்க முடியவில்லை. உணவகச் சமையலறையில் ஒரு தட்டு விழுந்தால் போதும், வெளியே ஓடிவிடுவார். "தட்டுக்குப் பயந்த ஆமிக்காரனை இப்பத்தான் பாக்கிறன்" என்று நான் நக்கலடிப்பேன். என் கடைச் சம்பளம் வாடகைக்கு எட்டவில்லை. பொறுத்துப் பார்த்த வீட்டுக்காரர், கிறிஸ்மஸ் முடிய வீட்டை விடச் சொல்லிவிட்டார்.

டொக்டர் ஒரு தொண்டு அமைப்பைப் பற்றிச் சொன்னார். அங்கிருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண் வீட்டுக்கு வந்தார். முன்னாள் படையினரின் குடும்பங்கள் வீட்டை இழக்காமல் இருக்க அந்த அமைப்புக்கு மானியம் கிடைக்கிறதாம். பாக்கியை வீட்டுக்காரருக்கு நேரே கட்டுவார்கள். இவருக்கு வைத்தியமும் ஏற்ற வேலையும் தேடித் தருவார்கள். ஆனால் எங்களைத் தொடர்ந்து இருக்கவிடுவதாக வீட்டுக்காரர் கையெழுத்துப் போட வேண்டும். இது என்ன மானியம் என்று அவருக்குச் சொல்லியே ஆக வேண்டும். "மார்ச்சோடு இந்த மானியம் முடிகிறது, அடுத்த வருடம் கிடைக்குமோ தெரியாது, சீக்கிரம் முடிவெடுங்கள்" என்றார் அந்தப் பெண்.

வேறு ஏதாவது பெயரில் தர முடியாதா என்று கேட்டேன். அவர் விளங்காமல் பார்த்தார். அவருடைய ஆட்கள் போரில் செத்த ஆமிக்காரரின் நினைவாகக் கோட்டில் சிவப்புப் பொப்பிப் பூக் குத்துகிறவர்கள். என் வெட்கம் அவருக்கு எப்படி விளங்கும்? வீடு போனால் பிள்ளைகளோடு எங்கே போவது, விஷயம் தெரிந்தால் கோயில் வாசலை எப்படி மிதிப்பது என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது. கடைசியில் பிள்ளைகளுக்காகச் சம்மதித்தேன்.

அமைப்பு அனுப்பிய படிவத்தோடு அந்தச் சனிக்கிழமை மத்தியானம் வீட்டுக்காரர் வந்தார். உட்காரவில்லை.

"ஆமி எண்டு சொல்லுகினம். உண்மையோ தங்கச்சி?"

நான் தேத்தண்ணி போடக் குசினிக்குள் ஓடினேன். என் கணவர் அறையிலிருந்து வெளியே வந்தது அங்கிருந்து தெரிந்தது.

"ஓம் அண்ணை. நான்தான் ஆமியில இருந்தனான்."

"ஆரையும் சுட்டனீரோ?"

"இல்லை அண்ணை. சமைச்சனான்."

"பிறகேன் தம்பி உமக்கு இந்த நிலைமை?"

என் கணவர் மெதுவாகச் சொன்னார். "ஈராக்கில, காம்ப் வாசலில ஒரு தாய் வந்து நிப்பா, அண்ணை. மகன்ர படத்தைப் பிடிச்சுக்கொண்டு. பாஷை எனக்கு விளங்கேல்லை. படம் விளங்கினது. ஒருநாள் மனம் கேக்காமல் தட்டில சாப்பாடு கொண்டுபோய்க் குடுத்தன். அவ அதைத் தட்டிவிட்டிட்டா. தட்டு சீமெந்தில விழுந்த சத்தம் இன்னும் காதை விட்டுப் போகேல்லை."

தண்ணீர்க் கேத்தில் கொதித்து நின்றுவிட்டது. நான் சொன்ன நக்கலெல்லாம் அந்தக் குசினிக்குள் என்னைச் சுற்றி நின்றது.

"என்ர அம்மாவும் அப்பிடித்தான் போய் நிண்டவ" என்றார் வீட்டுக்காரர். பிறகு உட்கார்ந்தார். நான் கொண்டுபோய் வைத்த தேத்தண்ணி நன்றாக ஆறியபிறகு அதைக் குடித்தார். கையெழுத்துப் போட்டார். வாசலில் சப்பாத்தைப் போடும்போது தலையைத் திருப்பிக் கேட்டார்.

"இதை ஏன் தம்பி இவ்வளவு காலமும் மனசுக்குள்ள வைச்சிருந்தனீர்? மனுசியிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"இவ கேக்கேல்லை, அண்ணை."

குறையாகச் சொல்லவில்லை. கடையில் பால் முடிந்துவிட்டது என்பது போலச் சொன்னார். நான் வெறும் கோப்பையைப் பிடித்தபடி அவருக்குப் பின்னால்தான் நின்றேன்.