சம்பத் மாஸ்டர் விட்டுப்போன இடது சீட்டு

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற வேலையில் ஸ்டியரிங் அடுத்தவர் கையில் இருக்கும். உயிர் மட்டும் நம்முடையது. ஆனால் சூலூரில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தபோது என்னை நடுங்க வைத்தது ரோடு அல்ல, எனக்கு முன்னால் அங்கே இருந்த சம்பத் மாஸ்டர். அவர் சொந்த ஊரான அந்தியூருக்கே போய்விட்டார். அவர்மேல் உயிராக இருந்த கூட்டத்தை என் தலையில் கட்டிய ஓனர் ஒன்றே ஒன்று சொன்னார்: "அம்மணி, இந்த மாசத்துல ஒருத்தர் நின்னுபோனாலும் நான் வேற ஆளப் பாத்துக்குவேனுங்க." நல்ல பெயர் எடுத்தவரின் இடத்தில் போய் உட்கார்ந்தவரா நீங்கள்? மேலே படியுங்கள், அழத் துணை கிடைக்கும்.

மரியாதையான மறுப்பு

முதல் நாள் வந்தவர் விசைத்தறி வைத்திருக்கும் சின்னசாமி. கதவைத் திறந்தார், இடது சீட்டில் என்னைப் பார்த்தார், அப்படியே நின்றார். "மாஸ்டர் வரலீங்களா?" இனிமேல் நான்தான் என்றேன். இழவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி முகம் ஆகிவிட்டது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவரோ கதவை மெதுவாகச் சாத்தினார். "தப்பா நெனைக்காதீங்க, இன்னைக்கு மனசு செரியில்லீங்க. நாளைக்கு வாரேனுங்க."

தண்ணீர் லாரி

சொன்னபடி மறுநாள் வந்துவிட்டார். அதன் பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. அதற்குள் கல்லூரியில் படிக்கும் நித்யா அடுத்த குண்டைப் போட்டாள். நின்றிருந்த தண்ணீர் லாரியின் முதுகைப் பார்த்து நிதானமாகப் போய்க்கொண்டிருந்தாள். நான் "பிரேக்! பிரேக்!" என்று அலறி, என் பக்கத்து பிரேக்கை மிதித்தேன். வண்டி நின்றது. அவள் கண் கலங்கிவிட்டது. வேலை நினைப்பில் எனக்கும்தான். "மாஸ்டர் இப்பிடிக் கத்தவே மாட்டாருங்க மேடம். 'பாத்துக்கலாங் கண்ணு'ன்னுதான் சொல்லுவாரு."

பாலத்து மேடு

டெஸ்டுக்கு முழுசாகத் தயாராகிவிட்டவர் என்று மாஸ்டர் சொல்லிப்போன ஒரே ஆள் ராஜேஸ்வரி அக்கா. பாலத்து மேட்டில் முன்னால் போன வண்டி நிற்க, இவரும் நின்றார். கிளம்பும்போது கார் பின்பக்கமாக உருண்டது. பின்னால் திருப்பூர் பஸ், விடாமல் ஹாரன். நான்தான் மிதித்து நிறுத்தினேன்.

"உருள்ற வரைக்கும் நீங்க காலே வெக்கலீங்களா?" என்றார் அக்கா. ஆபத்தென்றால்தான் வைப்பேன் என்றேன். எங்கள் வண்டியில் இடது பக்கமும் கிளட்ச், பிரேக் உண்டு. அப்போதுதான் எனக்குப் புரிந்தது: மாஸ்டருக்கு யாரும் பயப்படுவதைப் பார்க்கப் பொறுக்காது. கடைசி வரை அவரே மிதித்துக்கொண்டு வந்திருக்கிறார்! எனக்குக் கோபமும் வந்தது, பொறாமையும் வந்தது. பாலம் இறங்கி ஓரங்கட்டிவிட்டு அக்கா கேட்டார். "அப்ப இத்தன நாளா ஓட்டுனது நானில்லீங்களா?"

சம்மணம்

அவர் நின்றுவிடுவார், என் வேலை போயிற்று என்றே முடிவு கட்டினேன். மறுநாள் முதல் ஆளாக வந்து நின்றார். "காலைத் தூக்கி மேல வெச்சுக்குங்க மேடம். எனக்குத் தெரியோணும்." ஆள் நடமாட்டமில்லாத தறிக் கொட்டகைப் பக்கம் ஒரு மேட்டுக்குப் போனோம். நான் சீட்டில் சம்மணம் போட்டு, ஹேண்ட்பிரேக்கை மட்டும் பிடித்துக்கொண்டேன். வண்டி ஆஃப் ஆனது. பிறகு உருண்டது, குலதெய்வத்தைக் கூப்பிட்டேன். அதற்கடுத்த தடவை ஏறியே விட்டது. அக்கா வேர்வையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "மாஸ்டர் பக்கத்துல இருந்தா பயமே இருக்காதுங்க. நீங்க இருந்தா பயமாத்தான் இருக்குது. நாளைக்கும் நீங்களே வாங்க."

போகும்போது மாஸ்டர் நல்ல பெயரை எடுத்துக்கொண்டு பயத்தை மட்டும் எனக்கு விட்டுப் போயிருக்கிறார். மாதம் முடிந்தும் அதை வைத்துத்தான் பிழைத்துக்கொண்டிருக்கிறேன்.