பக்கத்து சீட் விருந்தாளி

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. நடந்தது நடந்ததுதான். என் பெயர் மித்கால். ஊரில் எல்லாரும் மகன் பெயரை வைத்து அபூ கைஸ் என்பார்கள். பதினாறு வருஷம் லாரி ஓட்டியவன். இருட்டுக்கும் பயந்ததில்லை, பாம்புக்கும் பயந்ததில்லை. ஆனால் அசிங்கம் என்றால் எனக்கு ஆகாது. அடுத்தவன் எச்சில், சளி, ரத்தம், நாற்றம்... எதைக் கண்டாலும் வயிறு புரட்டும். "உன்னைப் பெத்ததுக்கு உங்கம்மா ஒரு சோப்புக் கட்டியப் பெத்திருக்கலாம்" என்பாள் என் மனைவி ஃபிர்யால்.

பேய் ராத்திரியில்தான் வரும் என்று யார் சொன்னது? எனக்கு வந்தது பட்டப்பகலில். ஞாயிற்றுக்கிழமை, பகல் பன்னிரண்டு பதினைந்து.

அம்மான் நகருக்கு வெளியே, எங்கள் ஊர் சிக்னலில், முன்னால் நின்ற வெள்ளைக் காரைப் பின்னாலிருந்து முட்டிவிட்டேன். பெரிய அடி ஒன்றும் இல்லை. அந்தக் காரின் பின்விளக்கு நொறுங்கியது. என் பம்பர் பல்லை இளித்தது. போலீஸ் வந்து கரோக்கா என்கிற விபத்துப் படத்தை வரைந்து முடிக்கிற வரை வண்டியை ஓர் அங்குலம் நகர்த்தக் கூடாது. படத்தில் கோடு தப்பினால் குற்றமும் மாறிப்போகும். ஆகவே நட்டநடுச் சாலையில் இரண்டு பேரும் வெயிலில் காய்ந்தோம். பின்னால் நின்றவர்கள் ஹாரனாலேயே எங்கள் ஏழு தலைமுறையையும் திட்டினார்கள்.

வெள்ளைக் காரை ஓட்டியவள் நுஹா என்ற பல் டாக்டர். சண்டைக்கு வருகிறாள் என்று நினைத்தேன். அவள் டிஷ்யூ பெட்டியை நீட்டினாள்.

"இத அந்தம்மாகிட்ட குடுங்கண்ணே. நெத்தியில ரத்தம் வருது."

"எந்தம்மா?"

"உங்க பக்கத்துல உக்காந்திருக்காங்களே!"

திரும்பிப் பார்த்தேன். என் காரில் யாரும் இல்லை. வெயிலில் பாவம் கண் கூசியிருக்கும் என்று நினைத்தேன். டிஷ்யூவை உருவி என் கழுத்தைத் துடைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டு நாற்பதுக்கு சார்ஜென்ட் வந்தார். அபூ ஹாயில். பெரிய தொப்பை. வாயில் ஓயாமல் சூரியகாந்தி விதை. கடித்துக் கடித்து, எச்சிலோடு தோலை என் பானெட் மேலேயே துப்பினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மனுஷன் நிதானமாகப் படம் வரைந்தார். பிறகு என் காரைச் சுற்றிப் போய், பக்கத்து சீட் ஜன்னலில் குனிந்து ஏதோ கேட்டார். தலையாட்டினார். மறுபடி கேட்டார்.

அந்த ஜன்னலுக்குள் யாருமே இல்லை.

"இடைவெளி விடாம ஓட்டுனதுக்கு ஒண்ணு" என்று அபராதச் சீட்டைக் கிழித்தபடி வந்தார். "பக்கத்துல இருக்கறவங்க பெல்ட் போடாததுக்கு இன்னொண்ணு. ஆம்புலன்ஸ் வேணாம்னு தலைய ஆட்டுறாங்க. வாயத் தொறக்க மாட்டேங்கறாங்க. யாருப்பா அது, உன் சம்சாரமா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஒரு சீட்டு போதாதென்று, இல்லாத ஆளைக் கொண்டுவந்து உட்காரவைத்து இரண்டாவது சீட்டு கிழிக்கிறார். வாதாடினால் வெயிலில் இன்னும் ஒரு மணி நேரம். அதற்காக என் வாய் சும்மா இருக்குமா? நக்கலாகச் சொன்னேன்.

"என் விருந்தாளி. பேர் இன்னும் கேக்கல. மூணு நாள் ஆகலையே!"

எங்கள் பக்கத்தில் விருந்தாளி என்று வந்துவிட்டால், மூன்று நாளும் இன்னொரு நாளில் மூன்றில் ஒரு பங்கும் கழிகிற வரை பெயரோ வந்த காரியமோ கேட்கக் கூடாது. கழிந்த பிறகு கேட்கலாம். ஆனால் கேட்டபின் அந்தக் காரியத்தை முடித்துக் கொடுத்தே ஆக வேண்டும். இதில் யாரும் விளையாட மாட்டார்கள். நான் விளையாடினேன்.

சார்ஜென்ட் சிரிக்கவில்லை. வாயிலிருந்த விதையைத் துப்பிவிட்டு நிமிர்ந்தார். என் காரைப் பார்த்து, காலியாக இருந்த அந்த சீட்டைப் பார்த்து, நெஞ்சில் கை வைத்து மரியாதை செய்தார். "இந்தக் காலத்துலயும் இப்பிடி ஒருத்தனா? நல்லா இருப்பா" என்றார். பெயர் என்ற இடத்தில் 'விருந்தாளி' என்று எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டேன். கையோடு என் லைசென்ஸை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"காயம் பட்டிருக்கு. புகார் இல்லன்னு அந்தம்மா எழுதிக் குடுத்தாத்தான் லைசென்ஸ்."

எட்டு மாதம் வேலையில்லாமல் கிடந்தவன் நான். வரும் வியாழக்கிழமை காலை பெண்கள் பள்ளி பஸ்ஸை நான் எடுப்பதாகப் பேச்சு. லைசென்ஸ் இல்லாமல் போய் நின்றால், சாவி வேறொருவன் கைக்குப் போய்விடும்.

ஒன்று இருபத்தைந்துக்குக் காரில் ஏறினேன். ஏறியதும் இறங்கிவிட்டேன்.

அப்படி ஒரு நாற்றம். ஊறவைத்த ஜமீத் என்கிற காய்ந்த தயிர்க் கட்டியை மறந்துபோய், ஒரு வாரம் மூடிவைத்துத் திறந்தால் வருமே, அந்தப் புளிச்ச வாடை. அதற்கு அடியில் வேறு ஏதோ. பக்கத்து சீட்டைத் தொட்டேன். ஈரம். விரலை முகர்ந்து பார்த்தேன்... ஏன் முகர்ந்தேனோ தெரியவில்லை. சாலையோரத்திலேயே வாந்தி எடுத்தேன்.

திங்கட்கிழமை ஒன்பது பத்துக்குப் போக்குவரத்து அலுவலகத்தில் நின்றேன். ஜன்னலுக்குப் பின்னால் ஒரு குமாஸ்தா ஃபலாஃபல் தின்றுகொண்டிருந்தான். எண்ணெய் விரலாலேயே என் காகிதங்களைப் புரட்டினான்.

"என் வண்டியில அப்பிடி ஒரு ஆளே இல்ல சார்."

"இல்லையா? சார்ஜென்ட் பாத்திருக்காரு. பல் டாக்டர் பாத்திருக்காங்க. 'என் விருந்தாளி'ன்னு நீயே கையெழுத்துப் போட்டிருக்க."

"சும்மா கிண்டலுக்குச் சொன்னேன்."

"அப்ப போலீஸ்கிட்டப் பொய் சொன்னேன்னு எழுதிக் குடு. அதுக்கு ஆறு மாசம் லைசென்ஸ் கிடையாது." விரலை நக்கிவிட்டு ஒரு இளஞ்சிவப்புத் தாளை நீட்டினான். "இல்லைன்னா இதுல அந்தம்மா கட்டைவிரல் ரேகை வாங்கிட்டு வா."

அந்த எச்சில் தாளை நுனியில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

செவ்வாய்க்கிழமை காருக்கு உள்ளே ஈக்கள். கண்ணாடியெல்லாம் மூடித்தான் இருந்தது. சோப்பு போட்டு, வினிகர் ஊற்றி, மூன்று தடவை சீட்டைத் தேய்த்தேன். மூன்று தடவையும் தண்ணீர் காபி நிறத்தில் வந்தது. பகல் இரண்டு ஐந்துக்கு வாளியைக் கொட்டிவிட்டுத் திரும்பி வந்தேன்.

பக்கத்து சீட் பெல்ட் போடப்பட்டிருந்தது.

நான் போடவில்லை. கொக்கியில் நீளமான ஒரு முடி சிக்கியிருந்தது. அது கூடப் பரவாயில்லை. பூட்டின பெல்ட் காலி சீட்டில் எப்படி இருக்கும்? ஒட்டிப் படுத்திருக்கும். இது அப்படி இல்லை. முன்பக்கம் வளைந்து... எதையோ சுற்றி நின்றது.

லேசாக ஏறி இறங்கியது.

வீட்டுக்குள் ஓடி ஃபிர்யாலிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் திட்டுவாள் என்று பார்த்தேன். முகம் வெளுத்துப்போனாள்.

"விருந்தாளின்னு சொன்னியா? வாய் விட்டுச் சொன்னியா?"

"சொன்னேன்."

"சொல்லிட்டு ஒரு வாய் காபி கூடக் குடுக்கலையா நீ?"

"யாருக்குடி குடுக்க? நாத்தத்துக்கா?"

அவள் அடுப்படிக்குப் போனாள். ஏலக்காய் தட்டிப் போட்டுக் காபி காய்ச்சினாள். சாயங்காலம் ஆறரைக்கு, சின்னக் கோப்பையில் ஊற்றி, கார் ஜன்னல் வழியாக டாஷ்போர்டில் வைத்தாள். "தலைக்கு மேல வெள்ளம் போயாச்சு, சாண் என்ன முழம் என்ன" என்று நானும் அந்த இளஞ்சிவப்புத் தாளையும் மை டப்பாவையும் சீட்டில் வீசிவிட்டு வந்தேன். கதவைப் பூட்டி, சாவியை என் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை காலை ஐந்து ஐம்பது. கதவைத் திறந்தேன்.

தாளில் ரேகை இருந்தது.

ஈரமாக. ரேகை மட்டுமில்லை. கட்டைவிரலின் தோலும் கழன்று வந்து தாளோடு ஒட்டியிருந்தது. வெந்த தக்காளியின் தோல் மாதிரி. மெல்லிசாக. சுருங்கி...

கண்ணை இறுக மூடிக்கொண்டு, தாளை மடித்து, ரொட்டி வாங்கின பிளாஸ்டிக் பையில் திணித்து முடிச்சுப் போட்டேன்.

ஃபிர்யால் பின்னால் நின்றிருந்தாள். அவள் தாளைப் பார்க்கவில்லை. காபியைப் பார்த்தாள். ஊற்றினது ஊற்றினபடி விளிம்பு வரை இருந்தது.

"குடிக்கலையே..." என்றாள்.

"அதனால என்ன?"

"கேட்டது கெடைக்கிற வரைக்கும் விருந்தாளி காபியத் தொட மாட்டாங்க. அவங்களுக்கு ஏதோ வேணும், அபூ கைஸ்."

"எனக்கு லைசென்ஸ் வேணும்."

காபியைச் சாக்கடையில் கொட்டினேன். எட்டரைக்குக் குமாஸ்தாவிடம் பையை நீட்டினேன். அவன் மடிப்பைப் பாதி பிரித்தான். "சீ! என்னய்யா இது?" என்று மூக்கைப் பொத்திக்கொண்டான். அப்படியே முத்திரையைக் குத்தித் தாளைப் பெட்டிக்குள் தள்ளினான். எட்டு நாற்பதுக்கு லைசென்ஸ் என் கையில் இருந்தது. காரில் நாற்றம் இல்லை. சீட் காய்ந்திருந்தது. பெல்ட் தன் இடத்தில் சுருண்டிருந்தது. வாய்விட்டுச் சிரித்தேன். வழியில் ஒரு கிலோ கினாஃபா இனிப்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

ராத்திரி எட்டு பதினைந்து. போன் அடித்தது.

"நான் சார்ஜென்ட் அபூ ஹாயில். மூணு நாளும் மூணுல ஒரு பங்கும் சரியா இப்ப முடிஞ்சுது. இனிச் சொல்லலாம்ல? அந்தம்மா பேரென்ன?"

குரலில் கிண்டல் இல்லை. விதை கடிக்கிற சத்தமும் இல்லை.

"தெரியாது."

"எங்க எறக்கி விட்ட?"

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"அந்த ரேகையக் கம்ப்யூட்டர்ல ஏத்துனாங்க. அது ஏற்கெனவே உள்ள இருக்கு. பதினோரு வருஷம் முன்னாடி, அஸ்ரக் ரோட்டுல கெடந்த பொணம். நெத்தியில அடி. ஏதோ லாரி தட்டிட்டு நிக்காமப் போயிருக்கு. கேட்டு வர ஆள் இல்ல. பேர் தெரியல. நம்பர் போட்டுப் பொதைச்சுட்டாங்க."

"அதுக்கு நான் என்ன பண்ண?"

"இன்னொண்ணு. அந்தத் தாளப் பாத்துட்டுத்தான் குடுத்தியா?"

"பாக்கல. கொமட்டுச்சு."

"குமாஸ்தாவும் பாக்கல. அதுல ரெண்டு கட்டம் இருக்கு. ஓட்டியவரை மன்னிக்கிறேன்னு ஒண்ணு. மன்னிக்கவில்லைன்னு ஒண்ணு."

மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"ரேகை ரெண்டாவதுல இருக்கு, அபூ கைஸ்."

போனை வைக்கப் போனேன், அவர் விடவில்லை.

"நவம்பர் மாசம். விடிகாலை மூணே கால். அப்ப நீயும் லாரிதான் ஓட்டுன. உனக்கு ஏதாவது தெரியுமா?"

"தெரியாது" என்றேன்.

போனை வைத்தேன். மறுநாள் பஸ்ஸை எடுக்கப் போகவில்லை. லைசென்ஸ் அலமாரியில் கிடக்கிறது.

அவரிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். அந்த விடிகாலை, அந்தச் சாலையில், என் லாரியில் ஏதோ பட்டது. நாய் என்று நினைத்தேன். கண்ணாடியில் பார்த்தேன். லாரியின் சிவப்புப் பின்விளக்கு வெளிச்சத்தில் அது எழுந்து உட்கார்ந்தது. கையை ஊன்றி உட்கார்ந்தது.

இறங்கினால் ரத்தத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். குமட்டும் என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.